கிங்ஸ் கிராஸும் ஒரு தீக்குச்சியும்

போன வாரம் லிஃப்ட் பற்றி எழுதினாலும் எழுதினேன், மெயில்கள் குவிந்துவிட்டன. அதில் ஒரு தோழி கேட்டிருந்த கேள்வி இது: "லிஃப்ட் அறுந்து விழுமோன்னு எல்லாரும் பயப்படுறோம். எஸ்கலேட்டரைப் பார்த்து மட்டும் யாரும் பயப்படுறதில்லையே, ஏன்?"

நல்ல கேள்வி! பதில் தேடிக் கிளம்பினேன். அது என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம், லண்டனில் ஒரு சுரங்க ரயில் நிலையம். உடனே 'ஃபாரின் டூரா?' என்று கேட்காதீர்கள். எல்லாம் லைப்ரரி வழியாகத்தான்!

பெயரைச் சொன்னால் உங்களுக்கே தெரியும். கிங்ஸ் கிராஸ். ஹாரி பாட்டர் ஒன்பதே முக்காலாம் நம்பர் பிளாட்ஃபார்முக்குச் சுவருக்குள் புகுந்து போவானே, அதே ஸ்டேஷன். அது தரைக்கு மேலே. அதற்கு நேர் கீழே இன்னொரு ஸ்டேஷன் இருக்கிறது. முழுப் பெயர் கிங்ஸ் கிராஸ் செயின்ட் பாங்க்ரஸ். ஆறு சுரங்க ரயில் பாதைகள், எட்டு பிளாட்ஃபார்ம்கள். லண்டனில் எப்போதும் ஜே ஜே என்று கூட்டம் அலைமோதும் ஸ்டேஷன்களில் ஒன்று. நாம் இன்றைக்கு இறங்கப்போவது அங்கேதான். படி பார்த்து வாங்க...

ராஜா போயாச்சு, பேர் நின்னாச்சு

முதலில் அந்தப் பெயர். 1830-களில் அந்த நாற்சந்தியில் நான்காம் ஜார்ஜ் மன்னருக்கு ஒரு நினைவுச் சின்னம் கட்டினார்கள். உச்சியில் ராஜா சிலை. கீழ்ப்பகுதியில் கொஞ்ச காலம் போலீஸ் ஸ்டேஷன், அப்புறம் பீர் கடை! ஊரே கிண்டல் அடித்தது. 1842-ல் சிலையை இறக்கினார்கள், 1845-ல் மொத்தத்தையும் இடித்தார்கள். ராஜா போய்விட்டார். 'ராஜா சந்திப்பு' என்கிற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

1852-ல் அங்கே ஒரு ரயில் கம்பெனி கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனைத் திறந்தது. 1868-ல் போட்டிக் கம்பெனி பக்கத்திலேயே, நடுவில் ஒரே ஒரு தெரு விட்டு, செயின்ட் பாங்க்ரஸ் ஸ்டேஷனைத் திறந்தது. இரண்டு பெரிய ஸ்டேஷன்கள் அருகருகே. ஊரிலிருந்து வந்து இறங்குகிற கூட்டமெல்லாம் நகரத்துக்குள் போயாக வேண்டும். தெருவிலோ குதிரை வண்டி நெரிசல். அப்புறம் வேறு வழி? தரைக்குக் கீழேதான்!

கூட்டுக் குடும்பத்து வீடு

உங்கள் தாத்தா ஊரில் பழைய வீடு ஒன்று இருக்குமே, ஞாபகப்படுத்திப் பாருங்கள். கொள்ளுத்தாத்தா கட்டியது முன்கட்டு. தாத்தா காலத்தில் பின்னாடி ரெண்டு ரூம். பெரியப்பா கல்யாணத்துக்கு மாடி. சித்தப்பா வந்து ஒரு பாத்ரூமைச் சேர்த்தார். கடைசியில் சமையல்கட்டிலிருந்து மாடிக்குப் போக மூன்று திருப்பம், ரெண்டு படிக்கட்டு. யாரும் திட்டம் போட்டு அப்படிக் கட்டவில்லை. அவரவர் காலத்துக்கு, அவரவர் காசுக்குச் சேர்த்துக்கொண்டே போனார்கள்.

கிங்ஸ் கிராஸ் சுரங்க ஸ்டேஷன் அப்படித்தான் வளர்ந்தது.

முன்கட்டு: 1863 ஜனவரி 10. உலகத்தின் முதல் சுரங்க ரயில் பாதை, மெட்ரோபாலிட்டன் ரயில்வே, பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை சுமார் 6 கிலோமீட்டர் ஓட ஆரம்பித்தது. வழியில் ஒரு ஸ்டேஷன், கிங்ஸ் கிராஸ். டெக்னிக் ரொம்ப சிம்பிள்: ரோட்டைத் தோண்டு, தண்டவாளம் போடு, மேலே மூடு. அதனால் பாதை அதிக ஆழத்தில் இல்லை. முதல் நாளே சுமார் 38,000 பேர் ஏறினார்கள். இழுத்தது எது தெரியுமா? நீராவி இன்ஜின்! சுரங்கத்துக்குள் கரிப்புகை. அதையும் பொறுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள் புண்ணியவான்கள்.

பின்கட்டு: 1906 டிசம்பரில் பிக்காடிலி பாதை வந்தது. ஐந்தே மாதத்தில், 1907 மே-யில், இன்னொரு கம்பெனியின் பாதை வந்தது. இன்றைக்கு அது நார்தர்ன் லைன். இவை இரண்டும் ரோட்டைத் தோண்டிப் போட்டவை அல்ல. லண்டன் களிமண்ணுக்குள் எலி வளை மாதிரி ஆழத்தில் குடைந்தவை. அதனால்தான் 'டியூப்' என்று பெயர். நீராவிக்கு டாட்டா, மின்சார ரயில். இறங்கி ஏற லிஃப்ட்.

மாடி: 1939-ல் ஸ்டேஷன் முற்றத்துக்குக் கீழே வட்ட வடிவத்தில் ஒரு டிக்கெட் ஹால் கட்டினார்கள். லிஃப்டுக்குப் பதில் எஸ்கலேட்டர்கள் வந்தன. 1941-ல் பழைய மெட்ரோபாலிட்டன் பிளாட்ஃபார்ம்களைக் கைவிட்டு, மேற்கே தள்ளிப் புதிதாகக் கட்டினார்கள்.

சித்தப்பா பாத்ரூம்: 1968 டிசம்பர் 1, விக்டோரியா லைன் வந்தது. அதன் பிளாட்ஃபார்ம் சுவர் ஓடுகளில் கிரீடங்களைச் சிலுவை வடிவில் அடுக்கி ஒரு படம் இருக்கும். 'கிங்ஸ் கிராஸ்' என்பதை எழுத்தே இல்லாமல் சொல்கிறார்களாம். செம ஐடியா!

இப்போது மனசுக்குள் ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். இது பரீட்சைக்கு வரும்! மேல் தட்டில் பழைய மெட்ரோபாலிட்டன் பாதை. சர்க்கிள், ஹேமர்ஸ்மித் அண்ட் சிட்டி என்கிற இரண்டு பாதைகளும் அதே தண்டவாளத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதைவிட ஆழத்தில் பிக்காடிலியும் விக்டோரியாவும். எல்லாவற்றுக்கும் அடியில் நார்தர்ன். நார்தர்னிலிருந்து வெளியே வர, ஒரு எஸ்கலேட்டரில் பிக்காடிலி மட்டத்துக்கு ஏறி, அங்கிருந்து இன்னொரு எஸ்கலேட்டரில் மேலே வர வேண்டும். பிக்காடிலி எஸ்கலேட்டர் எங்கே போய் முடிந்தது? அந்த வட்ட ஹாலில். விக்டோரியா எஸ்கலேட்டர்? அதுவும் அதே வட்ட ஹாலில்.

இந்த ஒரு வரியை மறந்துவிடாதீர்கள். ஆழத்திலிருந்து வருகிற எல்லா எஸ்கலேட்டரும் ஒரே ஹாலில் முடிந்தன. கூட்டுக் குடும்பத்துக்கு ஒரே வாசல்.

தீன்னு சொல்லாதே, புகைச்சல்னு சொல்லு

அந்தக் காலத்து எஸ்கலேட்டர்களில் படியும் பக்கப் பலகையும் மரம். அடியில் சக்கரங்கள் ஓடுகிற தடத்துக்கு கிரீஸ். வருஷக்கணக்காக அந்த கிரீஸில் துணிப் பிசிறு, தலைமுடி, கிழிந்த டிக்கெட் துண்டு என்று எல்லாம் போய் ஒட்டிக்கொள்ளும். முழுசாகச் சுத்தம் செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்தது, சிகரெட். 1984-ல் சுரங்க ரயில்களுக்குள் புகைபிடிக்கத் தடை வந்தது. அதே வருஷம் நவம்பரில் ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸ் ஸ்டேஷனில் தீ விபத்து. 1985 பிப்ரவரியில் சுரங்க ஸ்டேஷன்களுக்குள்ளும் தடை. ஆனால் ஜனங்கள் என்ன செய்தார்கள்? ரயிலில் அடக்கிக்கொண்டு வந்தவர்கள், வெளியே போகும் எஸ்கலேட்டரில் நின்றபடியே பற்றவைத்தார்கள். 'இதோ வெளியதானே போறோம்!' தீக்குச்சியைக் கீழே போட்டால் அது படிக்கும் பக்கப் பலகைக்கும் நடுவிலுள்ள இடுக்கில் விழும். அடியில் கிரீஸ். தலைக்கு மேல் மரம்.

இதற்கு முன்பும் எஸ்கலேட்டர்களில் பல தடவை தீப்பிடித்தது உண்டு. நிர்வாகத்துக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் அவர்கள் அதற்கு 'தீ' என்ற வார்த்தையையே பயன்படுத்தவில்லை. 'புகைச்சல்' என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். இவ்வளவு பழைய, இவ்வளவு பெரிய சுரங்க ரயிலில் அங்கங்கே இப்படி நடக்கத்தான் செய்யும் என்ற நினைப்பு. வார்த்தையைச் சின்னதாக்கினால் பிரச்னையும் சின்னதாகிவிடும் என்று நாமும் நினைப்பதுண்டே... 'அரியர்' என்று சொல்லாமல் 'ரெண்டு பேப்பர் பெண்டிங்' என்று வீட்டில் சொல்வதில்லையா, அந்த மாதிரி.

பதினைந்தே நிமிடம்

1987 நவம்பர் 18, புதன்கிழமை. மாலை கூட்டம் கொஞ்சம் அடங்கத் தொடங்கிய நேரம்.

சுமார் 7.30 மணி. பிக்காடிலி பாதையிலிருந்து மேலே போகும் 4-ம் நம்பர் எஸ்கலேட்டரில், படிக்கு அடியில் ஏதோ பளபளக்கிறது என்று ஒரு பயணி சொல்கிறார். எஸ்கலேட்டரை நிறுத்துகிறார்கள். ரயில்வே போலீஸ் வருகிறது. தீயணைப்புப் படையைக் கூப்பிட வேண்டும். ஆனால் கையில் இருக்கும் ரேடியோ தரைக்குக் கீழே வேலை செய்யவில்லை. ஒரு போலீஸ்காரர் மேலே ஓடிப்போய், தெருவிலிருந்து தகவல் சொல்கிறார்.

அங்கே தண்ணீரைப் பனிமூட்டமாகத் தெளித்துத் தீயை அணைக்கும் கருவி இருந்தது. அதை இயக்க ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்ததில்லை.

7.40-ஐ நெருங்குகிறது. கீழே இருக்கிற ஜனங்களை வெளியேற்ற முடிவெடுக்கிறார்கள். பிக்காடிலி எஸ்கலேட்டர் பக்கம் தீ. அதனால் விக்டோரியா எஸ்கலேட்டர் வழியாக மேலே அனுப்புகிறார்கள். நீங்களும் நானும் அங்கே இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். ஆனால் மேலே எங்கே போய் முடிகிறது அந்த எஸ்கலேட்டர்? மறக்காதீர்கள் என்று சொன்னேனே, அந்த ஒரே ஹாலில்.

7.42-க்கு முதல் தீயணைப்பு வண்டி வருகிறது. வீரர்கள் இறங்கிப் பார்க்கிறார்கள். ஒரு பெரிய அட்டைப்பெட்டி எரிகிற அளவுக்குத்தான் தீ. சமாளித்துவிடலாம் என்றுதான் எந்த அனுபவசாலியும் நினைப்பார்.

7.45. அந்தத் தீ ஒரே பாய்ச்சலாக எஸ்கலேட்டர் வழியே மேலே ஏறி, டிக்கெட் ஹாலுக்குள் பீறிட்டு அடித்தது. ஹாலின் வெப்பம் சுமார் 600 டிகிரி செல்சியஸ். கூடவே கன்னங்கரேல் புகை. எந்தப் பக்கம் வாசல் என்றே தெரியாத இருட்டு.

31 பேர் இறந்தார்கள். சுமார் 100 பேர் காயமடைந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஹாலில் இருந்தவர்கள்.

தீயணைப்பு அதிகாரி காலின் டவுன்ஸ்லி, முதலில் வந்த வீரர்களில் ஒருவர். வெளியே போகும் படிக்கட்டின் அடியில், தீக்காயம்பட்ட ஒரு பயணியின் பக்கத்தில் அவர் உடல் கிடந்தது. அந்தப் பயணிக்கு உதவ நின்றார் என்றே நம்பப்படுகிறது.

கீழே மாட்டிக்கொண்டவர்கள் பலர் விக்டோரியா லைன் ரயில்களில் ஏறித் தப்பினார்கள். அதாவது, அன்றைக்கு மேலே போனவர்களைவிடக் கீழேயே நின்று ரயில் ஏறியவர்களுக்குத்தான் அதிர்ஷ்டம். பென்டன்வில் ரோடு பக்கம் வெளியேற இன்னொரு நடைபாதை இருந்தது. அந்த வழியின் கம்பிக் கதவு, அந்த நேரத்தில் பூட்டியிருந்தது.

தீ முழுசாக அணைந்தபோது நள்ளிரவு தாண்டி மணி 1.46.

இறந்தவர்களில் ஒருவர் யார் என்றே தெரியவில்லை. சவக்கிடங்கு கொடுத்த 115 என்ற எண்தான் அவருக்குப் பெயர். 2004-ல்தான் அடையாளம் கண்டுபிடித்தார்கள். பதினாறு வருஷம்! இத்தனை ஆயிரம் பேர் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு போகிற இடத்தில், ஒரு மனுஷன் வெறும் நம்பராக இருந்திருக்கிறார். இதைப் படித்த அன்றைக்கு எனக்கு அடுத்த பக்கம் போகவே மனசு வரவில்லை.

கம்ப்யூட்டர் சொன்னது, யாரும் நம்பலை

இப்போது ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் மக்கள் முன்வரிசைக்கு வரவும். அட்டைப்பெட்டி அளவு தீ, மூன்றே நிமிடத்தில் எப்படி ஒரு ஹாலையே விழுங்கியது? ஆரம்பத்தில் நிபுணர்களுக்கே புரியவில்லை. கூரையில் பல அடுக்காகப் பூசியிருந்த பெயின்ட்தான் காரணமோ என்றுகூட யோசித்தார்கள். அதன் பங்கு பெரிதல்ல என்று பிறகு தெரிந்தது.

ஹார்வெல் என்ற ஊரிலிருந்த அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்தில், காற்றின் ஓட்டத்தைக் கணக்கிடும் கம்ப்யூட்டர் புரோகிராமில் அந்த எஸ்கலேட்டரை உருவாக்கிப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் ஒரு விசித்திரமான பதிலைச் சொன்னது: தீ மேல்நோக்கி எழும்பவில்லை, எஸ்கலேட்டர் படிகளின் மேல் படுத்துக்கொண்டது!

'அதெப்படி? தீ மேலேதானே போகும்?' இதுதான் எல்லோருக்கும் வந்த சந்தேகம். புரோகிராமில்தான் தப்பு என்று நினைத்தவர்கள் உண்டு. சரி, செய்தே பார்த்துவிடுவோம் என்று பக்ஸ்டன் என்ற ஊரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அதே மாதிரி ஒரு எஸ்கலேட்டர் அமைப்பைக் கட்டிக் கொளுத்தினார்கள். ஏழரை நிமிடம் சாதாரணமாக எரிந்தது. அப்புறம்... கம்ப்யூட்டர் சொன்னபடியே தீ படுத்துக்கொண்டது.

விஷயம் இதுதான். சமதளத்தில் எரிகிற தீ நாலா பக்கமிருந்தும் காற்றை இழுக்கும், அதனால் நேராக எழும்பும். எஸ்கலேட்டர் 30 டிகிரி சாய்வில் இருக்கிற ஒரு நீள வாய்க்கால். இரண்டு பக்கமும் தடுப்பு. பக்கவாட்டிலிருந்து காற்று வர வழியில்லை, கீழிருந்துதான் வர முடியும். அந்த ஓட்டம் சூடான வாயுவைத் தரையோடு ஒட்டிக்கொண்டே மேலே தள்ளுகிறது. பாயும் காற்றும் நீரும் பக்கத்திலுள்ள பரப்போடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கும் என்று கொயாண்டா எஃபெக்ட் பாடத்தில் படிக்கிறோமே, அந்தக் குணம்தான். மேலே இருக்கிற மரப்படிகள் தீ தொடுவதற்கு முன்பே சூடாகி, எரியும் வாயுவைக் கக்குகின்றன. ஒரு கட்டத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ள, ஊதுகுழல் மாதிரி வாய்க்காலின் மேல்முனையில் நெருப்பு பீறிட்டு அடிக்கிறது. மேல்முனையில் இருந்தது டிக்கெட் ஹால்.

இதற்கு 'ட்ரெஞ்ச் எஃபெக்ட்' என்று பெயர் வைத்தார்கள். அதுவரை தீயைப் பற்றிப் படித்தவர்களுக்கே தெரியாத ஒரு குணம். ஆக, 7.42-க்கு வந்த வீரர்கள் கணித்தது அவர்கள் தப்பு இல்லை. அன்றைக்கு இருந்த அறிவு அவ்வளவுதான்.

'அப்போ யாரையும் குத்தம் சொல்ல முடியாதா?' என்று கேட்கிறீர்களா? இருங்க, இருங்க...

எட்டுக் கரும்புள்ளிகள்

டெஸ்மண்ட் ஃபென்னல் தலைமையில் விசாரணை நடந்தது. 91 நாள் உட்கார்ந்து கேட்டார்கள். 1988 நவம்பரில் அறிக்கை வந்தது, 157 பரிந்துரைகளோடு. அந்த விசாரணையில் தெரியவந்த ஒரு சின்ன விஷயம்தான் என்னை இந்த வாரம் எழுதவைத்தது.

அந்த எஸ்கலேட்டரின் பக்கப் பலகையை எடுத்துப் பார்த்தார்கள். எட்டு இடங்களில் மரம் கருகியிருந்தது. அடியில் தீக்குச்சிகள் கிடந்தன. அப்படியென்றால், இதற்கு முன்பே அங்கே தீக்குச்சி விழுந்திருக்கிறது, தீ பிடித்திருக்கிறது, பரவாமல் தானாகவே அணைந்தும் போயிருக்கிறது. ஒரு தடவை, ரெண்டு தடவை இல்லை, எட்டு இடம்!

அந்த எட்டையும் எப்படிப் படிப்பீர்கள்? 'பாத்தியா, தீப்பிடிச்சாலும் தானா அணைஞ்சுடுது, பயப்பட ஒண்ணுமில்லை' என்று படிக்கலாம். 'எட்டு தடவை தப்பிச்சிருக்கோம், ஒன்பதாவது தடவை?' என்றும் படிக்கலாம். அங்கே இருந்தவர்கள் முதல் மாதிரிகூடப் படிக்கவில்லை. பலகையைக் கழற்றிப் பார்க்கவே இல்லை.

ட்ரெஞ்ச் எஃபெக்ட் யாருக்கும் தெரியாது, வாஸ்தவம். ஆனால் கிரீஸில் குப்பை இருக்கிறது என்பதும், ஜனங்கள் எஸ்கலேட்டரில் பற்றவைக்கிறார்கள் என்பதும், படி மரம் என்பதும், கீழே ரேடியோ எடுக்காது என்பதும், எல்லா வழியும் ஒரே ஹாலில் முடிகிறது என்பதும் யாரோ ஒருவருக்குத் தெரிந்த விஷயங்கள்தான். தனித்தனியாகத் தெரியும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு டிபார்ட்மென்ட். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிற வேலை யாருடைய வேலையாகவும் இல்லை. தெரியாத இயற்பியல் வந்து சேர்ந்தது கடைசியில்தான். மேடையை அதற்கு முன்பே போட்டு வைத்திருந்தார்கள்.

அப்புறம் என்ன ஆச்சு?

விபத்து நடந்து ஐந்தே நாளில் எஸ்கலேட்டர் உட்பட சுரங்க ரயிலில் எங்கேயும் புகைபிடிக்கக் கூடாது என்றார்கள். அறிக்கை வந்தபோது நிர்வாகத்தின் தலைகள் பதவி விலகின. 1989-ல் சுரங்க ஸ்டேஷன்களுக்கென்றே தீத்தடுப்பு விதிமுறைகள் வந்தன. மர எஸ்கலேட்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். லண்டன் சுரங்க ரயில் அமைப்பின் கடைசி மர எஸ்கலேட்டர், தரைக்கு மேலே இருக்கிற கிரீன்ஃபோர்டு ஸ்டேஷனில், 2014 வரை ஓடியது. கிங்ஸ் கிராஸின் நார்தர்ன் பிளாட்ஃபார்ம்கள் 1989 மார்ச் வரை மூடியே கிடந்தன.

அந்த ஒரே வாசல்? 2006-ல் மேற்கு டிக்கெட் ஹால் திறந்தது. 2009-ல் வடக்கு டிக்கெட் ஹால் திறந்தது. இன்றைக்கு ஆழத்திலிருந்து மேலே வர மூன்று ஹால்கள். நடை கொஞ்சம் அதிகம்தான். மாப்பில் பார்த்தால் கிட்டே இருக்கிற மாதிரி தெரியும், நடந்தால் வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருக்கும். அங்கே போகிற யாராவது 'என்னய்யா இவ்ளோ தூரம்' என்று அலுத்துக்கொண்டால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

எல்லாம் சுபம் என்று முடிக்கத்தான் ஆசை. ஆனால் இன்னொன்று பாக்கி இருக்கிறது.

2005 ஜூலை 7. கிங்ஸ் கிராஸிலிருந்து கிளம்பிய ஒரு பிக்காடிலி ரயிலில் குண்டு வெடித்தது. அந்த ஒரு ரயிலில் மட்டும் 26 அப்பாவிகள் இறந்தார்கள். உதவிக்கு இறங்கியவர்களில், ரயில்வே போலீஸைத் தவிர மற்ற படையினரின் ரேடியோக்கள் தரைக்குக் கீழே வேலை செய்யவில்லை. சுரங்கத்துக்குள் ரேடியோ எடுக்க வேண்டும் என்பது 1988 அறிக்கையிலேயே இருந்த பரிந்துரை. லண்டன் சட்டசபைக் குழு 2006-ல் இதைச் சுட்டிக்காட்டிக் கண்டித்தது. பதினேழு வருஷம் கழித்தும் செய்தி சொல்ல மனுஷன்தான் ஓட வேண்டியிருந்தது, அதுவும் அதே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்.

பரிந்துரை எழுதுவது ஒரு வேலை. அதை முடித்து 'டிக்' அடிப்பது வேறு வேலை. ரெண்டாவதற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள், அதனால்தானோ என்னவோ.

தோழியின் கேள்விக்குப் பதில்

எஸ்கலேட்டரைப் பார்த்து ஏன் பயப்படுவதில்லை? ஏனென்றால் அது தினமும் ஒழுங்காக ஓடுகிறது. கிங்ஸ் கிராஸில் 4-ம் நம்பரும் தினமும் ஒழுங்காகத்தான் ஓடியது. நீங்கள் பயப்பட வேண்டாம், தைரியமாக ஏறுங்கள். பயப்பட வேண்டியது அதைப் பராமரிக்கிறவர்களும், நாளைக்கு அந்த வேலைக்குப் போகப்போகிற நாமும்தான்.

எங்கள் லேப் ஒன்றில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. போட்டால் 'சட்'டென்று நீலமாகப் பொறி வரும். சீனியர்ஸ் எங்களுக்குச் சொன்னது, "அதைப் பேனாவால தட்டி ஆஃப் பண்ணுடா". நாங்கள் ஜூனியர்ஸுக்கு அதையே சொல்லிக்கொடுத்தோம். அதற்கு ஒரு செல்லப் பெயர்கூட உண்டு, 'மின்மினி'. மூன்று வருஷமாக ஒன்றும் ஆகவில்லை.

எட்டுக் கரும்புள்ளிகளைப் பற்றிப் படித்த மறுநாள் லேப் வகுப்பு. அந்த ஸ்விட்சைப் பார்த்தேன். சுற்றியுள்ள பிளாஸ்டிக் ஒரு ஓரத்தில் பழுப்பாகக் கருகியிருந்தது. மூன்று வருஷமாக அது என் கண்ணில் பட்டதே இல்லை. பட்டிருக்கும், நான் பார்க்கவில்லை.

லேப் அண்ணாவிடம் சொன்னேன். "எழுதிக் குடு தம்பி, வாயால சொன்னா நடக்காது" என்றார். எழுதிக் கொடுத்தேன். 'மின்மினி' என்று எழுதவில்லை. 'தீப்பொறி வருகிறது, பிளாஸ்டிக் கருகியிருக்கிறது' என்று எழுதினேன். வெள்ளிக்கிழமை போய் மாற்றியாச்சா என்று பார்க்க வேண்டும். மாற்றவில்லை என்றால் இன்னொரு தடவை எழுத வேண்டும்.

உங்கள் ஹாஸ்டலில், லேபில், பஸ்ஸில் இப்படிச் செல்லப் பெயர் வைத்த ஐட்டம் ஏதாவது இருக்கிறதா? எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன். ஆனால் எனக்கு எழுதுவதற்கு முன்னால், அதைச் சரிசெய்ய வேண்டியவருக்கு ஒரு காப்பி!

அடுத்த வாரம் பார்ப்போம். வர்ட்டா?